சாவியைத் தொடாதீங்க, அண்ணாச்சி!

ஆடி மாதத்துக் காலை. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் எதிரே முழங்கால் அளவு தண்ணீர். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்ட கார் ஒன்று அந்தத் தண்ணீரின் நடுவே நின்றுவிட்டது. கூரைமேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டிய மூட்டைகள். பின்சீட்டில் பாட்டி, அவர் மடியில் குழந்தை. ஓட்டியவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒருமுறை செருமி அடங்கியது. மறுபடியும் கை சாவிக்குப் போனபோது, தண்ணீரில் நின்று வண்டி தள்ளிக்கொண்டிருந்த மெக்கானிக் பையன் கத்தினான்: "சாவியைத் தொடாதீங்க, அண்ணாச்சி!"

அதற்குள் திருப்பிவிட்டார். உள்ளே இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

இன்ஜின் காற்றை இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், அதைப் பிஸ்டனால் அழுத்திச் சுருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் உடையும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழுக் காப்பீடு பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் எழுதிவிட்டால், அந்தத் தொகையை நிறுவனங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். அந்தக் காரை ஓட்டியவருக்கும் அதுதான் நடந்தது.

தண்ணீர் ஏன் தேங்குகிறது?

கிங்ஸ் சர்க்கிள் கிண்ணம்போலத் தாழ்ந்த இடம். கனமழையும் கடலின் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மழைநீர் வடிய வழியில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, மூழ்கிய கார்களுக்குள் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் வானிலைத் துறையின் எச்சரிக்கையோடு கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள். மாநகராட்சிப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1916.

ஊர் வரை நீளும் ஆபத்து

மும்பையைத் தாண்டினாலும் மழை விடாது. கண்டாலா மலைப்பாதையில் மூடுபனி, மண்சரிவு. 2019 ஆகஸ்டில் பஞ்சகங்கை ஆறு பெருகி, கோலாப்பூர் அருகே பெங்களூரு நெடுஞ்சாலை பல நாள் மூடிக் கிடந்தது. 2021 ஜூலையிலும் அப்படியே. அதற்கு அப்பால் மரம் குறைந்த தக்காண மேட்டுநிலம். குறுக்கே அடிக்கும் காற்றில் கூரைமேல் மூட்டை ஏற்றிய வண்டி தள்ளாடும். மின்னல் வெட்டினால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருங்கள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

ஓடும் வெள்ளம் ஒரு அடி இருந்தாலே சின்ன காரை இழுத்துவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். கார் மிதக்கத் தொடங்கினால் மின் இணைப்பு செத்துப்போகும் முன் கண்ணாடியை இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றி, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். போன் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

புறப்படும் முன்

உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீட்டோடு இன்ஜின் பாதுகாப்பு இணைப்பையும் சேர்த்து வாங்குங்கள். தெரிந்தவரின் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகை கொடுத்து எடுக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. விபத்து என்று வந்தால் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக்கூடும். வாடகைக்கென்று பதிவான வண்டியே எடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால்

சாவியைத் திருப்பாதீர்கள். நீர்மட்டமும் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, இழப்பீட்டுக் கோரிக்கை எண் வாங்குங்கள். வண்டியைத் தள்ளியோ இழுவை வண்டியிலோ கொண்டுபோங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பிரிக்க விடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எங்கும் அவசரத்துக்கு 112.

அடிபட்டால், மறுக்கப்பட்டால்

சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டம் 2025 மே முதல் நடப்பில் உள்ளது. உதவ முன்வருபவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குக் காவல்.

சாலைக் குழியாலும் திறந்த மேன்ஹோலாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தவருக்கு 50 ஆயிரம் முதல் 2.5 லட்சம் வரை இழப்பீடு தர வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழியைப் படமெடுத்து வையுங்கள். போலீஸ் பதிவையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மும்பைக்கான அலுவலகம் சாந்தாகுரூஸில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் கெடு இரண்டு ஆண்டு. கையில் படமும் காகிதமும் இருப்பவரின் வழக்குதான் நிற்கும்.

அந்தக் கார் அன்று ஊருக்குப் போகவில்லை. மாட்டுங்கா பக்கம் ஒரு கடைத் திண்ணையில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த பாட்டி மகனிடம் சொன்னார்: "கொடை அடுத்த வருசமும் வரும்லே. பிள்ளைய தூக்கு, வீட்டுக்குப் போவோம்."