நாற்பதில் ஏன் ஒரு கோடு?

சிங்கப்பூரில் செயற்கைக் கருத்தரிப்புக்கு அரசாங்கம் உதவுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தம்பதியர் இருவரும் குடிமக்கள் என்றால், அரசாங்க மருத்துவமனையில் புதிதாக முட்டை எடுத்துச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் 75 விழுக்காடு, அதிகபட்சம் 7,700 வெள்ளி கிடைக்கும். உறையவைத்த கருவுக்கு 2,200 வெள்ளி வரை. ஆனால் சிகிச்சை தொடங்கும்போது மனைவி 40 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது பொது விதி.

ஏன் 40? ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறக்கும் முன்பே உருவானவை. உங்களுக்கு 38 என்றால் உங்கள் முட்டைக்கும் 38. வயது ஏற ஏற, முட்டை முதிரும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது அதிகமாகிறது. அப்படி உருவாகும் கரு பெரும்பாலும் கருப்பையில் பதிவதில்லை, பதிந்தாலும் கலைந்துவிடும். ஊசி மருந்து ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைக்கும். தரத்தைத் திருத்தாது.

உறைந்த கருவின் கதை வேறு. 36 வயதில் எடுத்த முட்டையில் உருவான கருவை 41இல் வைத்தாலும், அதற்கு வயது 36தான். 2020 முதல் விதியும் சற்று இளகியிருக்கிறது. 40க்கு முன்பே சிகிச்சைக்கு முயன்றவர்கள், உதவி கிடைக்கும் 6 முறைகளில் 2ஐ 40க்குப் பிறகும் பயன்படுத்தலாம். தாமதமாக மணமுடித்தவர்களுக்கு அது பொருந்தாதது எனக்குக் கடுமையாகவே படுகிறது.

உங்களுக்கு 35 தாண்டி, ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லையா? மருத்துவரைப் பாருங்கள். கணவரும் கூடவே போகட்டும். விந்தணுச் சோதனைதான் இருப்பதிலேயே எளிது.