காத்த கவசமே காலனாயிற்று!

இயற்கை அன்னையின் படைப்பில் விந்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆமைக்கு ஓட்டைத் தந்தாள். முள்ளம்பன்றிக்கு முள்ளைத் தந்தாள். நம் நாட்டில் வாழும் ஒரு சிறு விலங்கிற்கோ தலை முதல் வால் வரை செதிற்கவசம் பூட்டி அனுப்பினாள். அதுதான் எறும்புதின்னி. அழுங்கு என்றும் அதனை அழைப்பர்.

செதிலைக் கண்டு இதனை ஊர்வன இனம் என்று எண்ணிவிடக் கூடாது. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு இது. பாலூட்டிகளுள் இத்தகைய பெரிய செதில்களைப் போர்த்தியிருப்பது எறும்புதின்னிக் குடும்பம் ஒன்றே. அச்செதில்கள் எலும்பாலானவை அல்ல. நம் விரல் நகத்தை ஆக்கியுள்ள கெரட்டின் என்னும் புரதமே அவற்றையும் ஆக்கியிருக்கிறது.

இதற்குப் பல் ஒன்றுகூட இல்லை. அதற்காகப் பட்டினி கிடக்கிறதா? இல்லை! இரவில் வெளிவந்து, வலிய நகங்களால் புற்றைப் பிளக்கிறது. பசை நிறைந்த நீண்ட நாவை உள்ளே செலுத்தி எறும்பையும் கரையானையும் ஒற்றி எடுக்கிறது. அவ்வேளையில் எறும்புகள் புகாதவாறு மூக்கையும் செவியையும் மூடிக்கொள்ளவும் வல்லது. இரையை அரைப்பது வயிற்றின் வேலை. உணவோடு உட்சென்ற சிறு கற்கள் அங்கே குழவியாக உதவுகின்றன.

பகை வந்தால் என் செய்யும்? தலையை வயிற்றோடு அணைத்து, வாலால் தன்னைச் சுற்றிப் பந்தாகிவிடும். செதிலற்ற முகமும் வயிறும் உள்ளே. கூரிய விளிம்புடைய செதில்கள் வெளியே. குட்டி உடனிருந்தால் அதனையும் உள்ளே வைத்தே சுருண்டுகொள்ளும். பெரும்பூனைகளும் உருட்டிப் பார்த்துச் சலித்துப் போவதுண்டு. ஜெர்மனியில் மெசல் என்னுமிடத்தில் கிடைத்த எறும்புதின்னிப் புதைபடிவத்தின் வயது ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகள். அத்துணைத் தொன்மையான குடும்பம் இது!

ஆனால் இரண்டு கால் பகைவன் ஒருவன் வந்தான். பந்தாய்ச் சுருண்டு அசையாதிருக்கும் விலங்கைப் பிடிக்க அவனுக்கு வலை எதற்கு? துப்பாக்கி எதற்கு? குனிந்தெடுத்துச் சாக்கில் போட்டால் போதுமே! செதிலில் மருந்திருக்கிறது என்னும் நம்பிக்கையாலும் இறைச்சி ஆசையாலும் இவை கொன்று குவிக்கப்பட்டன. நகத்தில் இல்லாத மருந்து செதிலில் மட்டும் எங்கிருந்து வரும்? ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் இனம் இந்த இழப்பை எவ்வாறு ஈடு செய்யும்?

நமது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 2016 இல் எல்லா எறும்புதின்னி இனங்களின் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்ய உலக நாடுகள் முடிவு செய்தன. 2020 இல் சீனா தன் அரசு மருந்து நூலிலிருந்து இச்செதிலை நீக்கியது. எனினும் கள்ளக் கடத்தல் ஓய்ந்தபாடில்லை.

நண்பர்களே! எந்தக் கவசமும் எல்லாப் பகைக்கும் கவசமாவதில்லை. புலியின் பல்லைத் தாங்கும் செதில், மனிதனின் பேராசையைத் தாங்கவில்லை. நம்மைக் கண்டதும் அது சுருள மட்டுமே அறியும். அதனை எடுக்காமல் விட்டு வரும் அறிவு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.