மேடு வந்தாலும் அதே கியர்!

32-க்கு 20. இந்த ஒரு கணக்கை முடிவு செய்வதற்குள் எத்தனை இரானி டீ ஓடிவிட்டது! பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்சக்கரத்தில் 20 பல், நடுவே ஒரு செயின். மாற்றிக்கொள்ள வேறு கியர் இல்லை, கட்டைவிரலுக்கு அடியில் நெம்புகோல் இல்லை. இப்படிப்பட்ட வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மலைத்தொடரையே மண்பாதையில் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பந்தயத்துக்கு வண்டி எப்படித் தயாராகிறது என்று எட்டிப் பார்க்கத்தான் உங்களைக் கூட்டிப்போகிறேன். இடம், ஹைதராபாத் கச்சிபவுலியில் நண்பர் வீட்டு பால்கனி. பார்த்துக் காலை வையுங்கள். தரை முழுக்கச் செயின் எண்ணெய், வாஷர், பழைய பனியன் துணி.

ஜூன் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தால் இந்த பால்கனியில் திருவிழாதான். கனடாவின் பான்ஃப் ஊரில் அப்போது காலை, இங்கே இருட்டியிருக்கும். டூர் டிவைட் தொடங்குகிறது! ராக்கி மலைத்தொடரின் நீர்ப்பிரி முகட்டைத் திரும்பத் திரும்பத் தாண்டித் தெற்கே இறங்கி, நியூ மெக்சிகோவின் ஆன்டிலோப் வெல்ஸ் எல்லைச் சாவடி வரை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணம் கிடையாது, பின்னாலேயே வரும் உதவிக் காரும் கிடையாது. கடையில் வாங்கிச் சாப்பிடலாம், விடுதியில் காசு கொடுத்துத் தூங்கலாம். தெரிந்தவரை வரச்சொல்லி டயர் வாங்கிக்கொள்ள மட்டும் முடியாது. ஓட்டுகிறவரோடு ஒரு சின்ன செயற்கைக்கோள் கருவி போகிறது. அது அனுப்பும் புள்ளி வரைபடத்தில் நகர, உலகெங்கும் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும்தான். ஒரு புள்ளி நெடுநேரம் நகராமல் நின்றால் போதும், தூங்குகிறாரா, செயின் அறுந்ததா, கரடியா என்று பால்கனியில் ஒரே ஊகம்.

இதற்கெல்லாம் வழி காட்டியவர் ஜான் ஸ்டாம்ஸ்டாட். 1999-இல் தனி ஆளாக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டு, இந்தப் பாதையின் அமெரிக்கப் பகுதியை 18 நாள் 5 மணி நேரத்தில் கடந்தார். கனடாவிலிருந்து கிளம்பும் டூர் டிவைட் 2008-இல் வந்தது. அந்தப் பந்தயத்தில் 2018-இல் பெண்களில் முதலாவதாக வந்த அலெக்சாண்ட்ரா ஹூச்சின், ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். மறு ஆண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? கியர்களையே துறந்துவிட்டார்! 2019-இல் ஒற்றைக் கியர் வண்டியில் அதே 4,400 கிலோமீட்டரை 19 நாளுக்குள் முடித்து மறுபடியும் பெண்களில் முதலிடம். கியர் வண்டியில் வந்த பெண்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால். இதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒற்றைக் கியர் என்றால் பின்தங்கிய வண்டி என்று நினைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் புள்ளி பதில் சொல்லிக்கொண்டே போனது.

சரி, பால்கனிக்கு வருவோம். ஏன் 32-க்கு 20? 29 அங்குலச் சக்கரம் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். 32-ஐ 20-ஆல் வகுத்தால் 1.6. அதாவது பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி 3.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர் சொச்சம். உயிரைக் கொடுத்து 100 சுற்று மிதித்தாலும் 22 சொச்சம்தான். சமதரையில் கியர் வண்டிக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், போகட்டும். ஏற்றம் வருகிறது பாருங்கள், அங்கேதான் வேடிக்கை! கியர் வண்டிக்காரர் சின்ன கியருக்கு இறங்கி, உட்கார்ந்து, இலேசாக மிதித்து மெதுவாக ஏறுவார். ஒற்றைக் கியர்காரருக்கு அந்த வசதி இல்லை. மணிக்கு 6 கிலோமீட்டருக்கு வேகம் குறைந்தால் நிமிடத்துக்கு 27 சுற்றுதான். இன்னும் கொஞ்சம் குறைந்தால் வண்டி நின்றுவிடும். ஆகவே எழுந்து நின்று, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, உடம்பு எடை முழுவதையும் பெடலில் இறக்கி ஏறுகிறார். மெதுவாகப் போக முடியாததாலேயே கியர் வண்டியை மேட்டில் முந்துகிறார்! முதல் தடவை இதை நேரில் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எழுந்து நின்றும் முடியவில்லையா, இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதில் குறைவே கிடையாது. டென்வருக்கும் டுராங்கோவுக்கும் இடையில் நடக்கும் கொலராடோ ட்ரெயில் ரேஸில் பாதை 4,000 மீட்டர் உயரத்துக்கு மேலும் ஏறுகிறது. அங்கே கியர் வைத்திருப்பவர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டும் தோளில் சுமந்துகொண்டும்தான் போகிறார்கள். அதனால்தான் பால்கனி மூலையில் இருக்கும் அந்த ஷூவின் அடிப்பகுதி அவ்வளவு நெளிகிறது. மிதிக்க மட்டும் தோதான விறைப்பான ஷூ இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

பல் எண்ணிக்கையை முடிவு செய்தாயிற்று. அடுத்த தலைவலி, செயின் இறுக்கம். கியர் வண்டியில் பின்னால் தொங்கி கியர் மாற்றும் டிரெயிலர் கை செயினை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால் தளர்ந்த செயினை யார் பிடிப்பது? இதற்கு விடை நம் தெரு சைக்கிள் கடையில் எத்தனையோ காலமாக இருக்கிறது. ஹெர்குலிஸோ அட்லஸோ, பின்சக்கரம் மாட்டும் இடத்தில் நீளமான பள்ளம் இருக்கும். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து முறுக்கினால் முடிந்தது. ஆனால் புது மலை சைக்கிள்களில் பெரும்பாலும் அந்தப் பள்ளம் இல்லை. சக்கரத்தை நகர்த்த முடியாது. எனவே பெடல் அச்சை மையம் தப்பிய ஒரு உருளைக்குள் வைத்து, அந்த உருளையைத் திருப்பி இறுக்குகிறார்கள். எவ்வளவு இறுக்கலாம்?

நண்பர் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தபோது கீழே பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய் மேலே ஏறி வந்தார். வண்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். “இத்னா மெஹங்கா வண்டி… கியர் நக்கோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் செயினின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு தூக்கு தூக்கினார். “இன்னும் கொஞ்சம் விடு அன்னா. அரை இஞ்ச் ஆடணும். முறுக்கிட்டா பேரிங் போயிடும்.” அளவுகோல் பிற்பாடு கிடைத்தது. வைத்துப் பார்த்தோம். அரை அங்குலம்! எனக்கு அந்த ராத்திரியில் அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. பாய் அத்தோடு விடவில்லை. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடி, முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு வாஷரை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போடச் சொன்னார். செயின் சத்தம் அப்படியே அடங்கியது.

நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய வண்டிகளில் பின்னால் பெரும்பாலும் 18 பல் ஃப்ரீவீல். இரண்டு கேன் பாலோடு மேம்பாலம் ஏறியவர்களுக்கு யாரும் இதை வீர விளையாட்டு என்று சொல்லித் தரவில்லை. ஆனால் நின்று மிதிக்கும் அந்தச் சாமர்த்தியம், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே வேகம் சேர்த்துக்கொள்ளும் அந்த முன்யோசனை, எல்லாம் இந்தப் பந்தயத்தின் அரிச்சுவடி. குரங்குப் பெடல் போட்டு வளர்ந்த நமக்கு இதில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றே நான் நம்புகிறேன்.

இனி வெள்ளோட்டம். அதற்கு ஹைதராபாத்தைவிட நல்ல ஊர் உண்டா! சீரான மிதிக்குப் பழக வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023 அக்டோபரில் திறந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. மேலே கூரை முழுக்கச் சூரிய மின்தகடு, கீழே நிழல். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் கால்களுக்கு எப்படி இருக்கும் என்பதை அங்கே மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கண்டிபேட்டைப் பக்கம் போனால் நகரத்துச் சைக்கிள் கூட்டம் பாதியை அங்கேயே பார்த்துவிடலாம்.

மண்ணில் இறங்கினால் கதையே வேறு. இந்த ஊர்ப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. காஜாகுடா குன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அந்தக் கருங்கல் உருண்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை உதிர்ந்து உதிர்ந்து, கெட்டிப் பாறைமேல் பருமணலாகக் கிடக்கின்றன. எழுந்து நின்று மிதித்தால் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் அந்த மணலில் வழுக்கிச் சுற்றும். உட்கார்ந்தால் கால் பலம் போதாது. ஆகவே நின்றபடியே இடுப்பைப் பின்னால் தள்ளி, சீட்டின் நுனி தொடையைத் தொடும் அளவில் வைத்து ஏற வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். டியூப் போட்ட டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் இடித்துக் கிழியும். அதனால் டியூப் இல்லாமல், உள்ளே வெள்ளைப் பசைத் திரவம் ஊற்றிய டயர். சீமைக் கருவேல முள் ஏறினால் புஸ்ஸென்று ஒரு சத்தம், திரவம் வந்து அடைக்கும், அதே மூச்சில் பயணம் தொடரும். எத்தனை அழகு!

மேற்கே செவெள்ளா தாண்டி விக்காராபாத் பக்கம் போகப் போகக் கருங்கல் முடிந்து கரிசல் வந்துவிடும். முசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக் குன்றுகள் அங்கேதான், நகரத்திலிருந்து 75 கிலோமீட்டர் சொச்சம். மழை பெய்தபின் கரிசலில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு, கோவில்பட்டிக்காரர்களோ விளாத்திகுளத்துக்காரர்களோ யாராயிருந்தாலும் சரி, நான் சொல்லவே வேண்டாம். இரண்டு சுற்றில் சக்கரம் அடைபட்டு நின்றுவிடும். டூர் டிவைட் பாதையிலும் மொன்டானா, வயோமிங், நியூ மெக்சிகோவில் இப்படியொரு மண் இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு அவசரப்பட்டு மிதித்த கியர் வண்டிகளின் டிரெயிலர் கை முறிந்து தொங்கியிருக்கிறது. ஒற்றைக் கியரில் முறிவதற்குப் பின்னால் எதுவும் தொங்குவதில்லை! குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருக்கலாம். கரிசலில் வெள்ளோட்டம் முடித்து வந்த அன்றுதான் நண்பர் 32-க்கு 20 என்பதில் முழு மனதோடு கையெழுத்துப் போட்டார்.

ரோட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. ஹைதராபாத் ராண்டனியர்ஸ் சைக்கிள் குழு நடத்தும் 200 கிலோமீட்டர் பயணத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. 80 சுற்றுக் கணக்கில் ஓட்டமே பதினொன்றேகால் மணி நேரம் பிடிக்கும். டீக்கும் இட்லிக்கும் இரண்டே கால் மணி நேரம்தான் மிஞ்சும். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்றால் தூக்கத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். அதனால் ரோட்டுக்கென்று தனியாக ஒரு 18 பல் சக்கரம் டப்பாவில் தூங்குகிறது.

பைகளைப் பார்த்தீர்களா? ஹேண்டில்பாரில் ஒரு சுருள், சட்டத்தின் முக்கோணத்தில் ஒன்று, சீட்டுக்கடியில் ஒன்று. கேரியர் கிடையாது, ஆட்டத்தில் கழன்றுவிடும். முன்சக்கரத்தின் நடுவே தடித்த ஒரு உருளை தெரிகிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு: டைனமோ! டயரில் உரசிக்கொண்டு கிர்ரென்று இரைந்த நம் பழைய டைனமோவின் வாரிசு. இது சக்கர அச்சுக்குள்ளேயே சத்தமில்லாமல் சுற்றி, இரவில் விளக்கெரிக்கும், பகலில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும். சாப்பாட்டு விஷயத்தில் நண்பர் தன் சொந்த ஊரான மதுரையைக் கைவிடவில்லை. வெள்ளோட்டத்துக்குப் புளியோதரைப் பொட்டலம்தான். ஒரு பகல் முழுக்கக் கெடாது, உப்பும் எண்ணெயும் வேண்டிய அளவு. மேல் பையில் உஸ்மானியா பிஸ்கட், ஒற்றைக் கையால் எடுக்கத் தோதாக.

மலையில் பல நாள் ஓடும் பந்தயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இமாச்சலில் 2005-இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா. நண்பரின் கண் ராக்கி மலைமேல். என் ஆசை இன்னும் பெரியது. ஒற்றைக் கியருக்கென்றே உலக சாம்பியன்ஷிப் ஒன்று இருக்கிறது. ஜெயித்தவர் உடம்பில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும், அதுதான் பட்டம்! அடுத்து எந்த ஊர் நடத்துவது என்பதையும், ஆசைப்படும் ஊர்க்காரர்களைக் கூத்தும் கும்மாளமுமான ஏதாவது விளையாட்டில் மோதவிட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். அது ஒரு முறை தக்காணப் பாறைகளுக்கு வர வேண்டும். காஜாகுடாவில் ஏறி, கரிசலில் புரண்டு, அனந்தகிரியில் முடியட்டும். வந்தால், அடுத்த ஊரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை நாம்தானே வைக்க வேண்டும்? பால்கனியில் ஏகமனதாக முடிவாகிவிட்டது: பொங்கலுக்கு நம் ஊர்த் தெருவில் வைக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸ். காலை ஊன்றினால் அவுட், கடைசியாக வருகிறவருக்கே வெற்றி. நடுவர் நாற்காலி பாய்க்கு. கேட்டாயிற்று, சரி என்று சொல்லிவிட்டார்.