பணம் இருந்தால் நிம்மதி உண்டா?



"பணம் பத்தும் செய்யும்" என்று சொன்னவர்களும் நம் பெரியவர்கள்தான். "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொன்னவர்களும் அவர்களேதான். இரண்டில் எது சரி? காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் நமக்கு இதற்கு விடை தெரிந்திருப்பது நல்லது. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

கரும்பு விவசாயிகள் தந்த பாடம்

கரும்புப் பணம் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வருவது. வெட்டுக்கு முன் கை காயும், வெட்டு முடிந்து பணம் வந்தால் கை நிறையும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 464 கரும்பு விவசாயிகளை இந்த இரு காலங்களிலும் சோதித்து, 2013ல் முடிவை வெளியிட்டார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் 4 பேர்தான். புதிர்கள் கொடுத்துப் பார்த்ததில், அதே விவசாயிகள் பணம் வந்த பின் சுமார் கால் பங்கு கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். ஆள் அதே ஆள்தான். பணக்கவலை மனதை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதை நாம் தினமும் பார்க்கிறோம். பனியன் கம்பெனிக்குப் போகும் வாடிக்கையாளர் வியாழக்கிழமை கடுகடுவென்று நிற்பார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது சிரித்துப் பேசுவார். ஆகவே, இல்லாதவருக்குப் பணம் நிச்சயமாக நிம்மதி தருகிறது.

எவ்வளவு இருந்தால் போதும்?

ஓர் அளவுக்கு மேல் வருமானம் கூடினாலும் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்கக் கணக்கை வைத்துச் சொன்னார்கள். கானமனே மற்ற இருவருடன் சேர்ந்து 2023ல் அதைத் திருத்தினார். பெரும்பாலோருக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. மிகவும் மனவருத்தத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மகிழ்ச்சி ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை, மடங்குக் கணக்கில் ஏறுகிறது. மாதம் 10,000 ரூபாய் லாபம் பார்ப்பவருக்கு இன்னொரு 10,000 தருகிற மகிழ்ச்சியை, ஒரு லட்சம் பார்ப்பவர் பெற இன்னொரு லட்சம் வேண்டும். அந்த லட்சத்துக்காக எத்தனை இரவுத் தூக்கம் போகிறது என்பதையும் செலவுக் கணக்கில் எழுதவேண்டும்.

எதிர்க்கடையைப் பார்க்கும் கண்

ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974ல் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். நாடு முழுவதும் வருமானம் உயர்ந்தாலும் மக்கள் மகிழ்ச்சி அதே அளவு உயர்வதில்லை. அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே காரணம் என்றார். நம் கடையில் வியாபாரம் கூடியிருக்கும். எதிர்க்கடையில் அதைவிடக் கூடியிருந்தால் நமக்கு மனம் ஆறாது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938ல் தொடங்கி, 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பல குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடைசிக் காலம் வரை நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தவர்களிடம் பொதுவாகக் கண்டது, வீட்டாரோடும் நண்பர்களோடும் இருந்த நல்ல உறவு.

நாம் செய்யக்கூடியவை

1. கடைப் பணத்தையும் வீட்டுச் செலவையும் தனித்தனியே வையுங்கள். தினத்தண்டல் வாங்கிச் சரக்குப் பிடிக்கும் நிலை வராமல் சிறிது முதலை ஒதுக்குங்கள்.

2. பற்று பாக்கியைச் சம்பளம் வந்த பின் கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம். கை காய்ந்தவரிடம் கடிந்து கேட்டால் பாக்கியும் வராது, வாடிக்கையும் போய்விடும்.

3. கடைப் பையன்களுக்குச் சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் அடகுச் சீட்டு இருக்கலாம்.

4. வாரத்தில் அரை நாளாவது கடையை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த அரை நாள் வியாபாரம் போனாலும் நஷ்டமில்லை.

கடன் கவலை தீரும் வரை பணம் அவசியம் வேண்டும். அது தீர்ந்த பின் வரும் பணத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்பதும் வியாபாரிக்கு உரிய கணக்குத்தான்.