சோலைக்கிளி



கிளி என்றவுடன் பச்சை உடலும் சிவந்த மூக்கும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் இன்று நாம் காணப்போகும் சோலைக்கிளி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. சிறு பறவை எதனையும் கிளி என்று கூறுவது மலையாள வழக்கு. அவ்வழக்கில் எழுந்த பெயர் இது. உருவில் ஏறக்குறைய சிட்டுக்குருவியை ஒக்கும், நிறம் கருநீலம், கால்கள் நீண்டவை, வால் குறுகியது.

இதன் வாழிடம் யாது? மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் சரிவெல்லாம் புல்வெளியாகவும், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த காடாகவும் இருப்பதைக் காணலாம். பாசி படர்ந்த குறுமரங்கள் நிறைந்த அக்காட்டிற்குச் சோலை என்று பெயர். நம் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலேயர் 'ஷோலா' என எழுதினர். அச்சோலையின் குளிர்ந்த நிழலில், தரையருகே பூச்சிகளைத் தேடித் திரிவது இப்பறவை. மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியும் வேரும் கொண்டு கூடமைக்கும். விடியற்காலையில் இதன் சீழ்க்கைக் குரல் காட்டினுள் இனிமையாக ஒலிக்கும்.

நீலகிரியில் வாழும் சோலைக்கிளியை முதன்முதலில் நூலுலகிற்கு அறிவித்தவர் ஜெர்டன் என்னும் மருத்துவர். சென்னை இலக்கியச் சங்கத்தார் நடத்திய இதழில் 1840களில் அவர் அதனை விவரித்தார். அச்சங்கத்தின் நூலகம், நான் வாழும் கோபாலபுரத்திற்கு அண்மையில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்றும் உள்ளது. பின்னர் 1860களில் பிளான்ஃபோர்டு என்பவர் பழனிமலைப் பறவையை விவரித்தார். முன்னதன் விலாப்புறம் செம்பழுப்பு. பின்னதன் விலாப்புறம் நீலம், வயிறு வெண்மை. இவை ஒரே இனமா, இரண்டா? பறவை நூலார் நெடுங்காலம் கருத்து வேறுபட்டனர். எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதிலும் அவர்களிடையே உடன்பாடு இல்லை.

விடை உயிரணுக்களில் கிடைத்தது. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் மரபுப் பொருளை ஒப்பிட்டு, இவை ஈப்பிடிப்பான் குடும்பத்துள் ஒரு தனிப் பேரினம் என்று 2017இல் நிறுவினர். அதற்கு 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் சொல் ஒன்று அறிவியற் பெயரில் இடம்பெற்றது கண்டு நாம் மகிழலாம்.

இனி, வேறுபாட்டிற்குக் காரணம் காண்போம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கிறது. நமக்கு அது அரைமணி நேர இரயில் பயணம். குளிர்ச்சோலையை விட்டு நீங்காத இப்பறவைக்கோ வெப்பம் மிகுந்த அத்தாழ்நிலம் ஒரு கடல். ஒரே ஏட்டை இரண்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தால் பாடபேதங்கள் தோன்றும் அல்லவா? அதுபோலவே, பிரிந்து வாழ்ந்த பறவைகளிடையே வேறுபாடுகள் பெருகின. தெற்கே செங்கோட்டைக் கணவாயும் இவ்வாறே ஒரு தடையாயிற்று. அதற்கப்பால், அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவையை மேற்கூறிய ஆய்வாளர்கள் மூன்றாவது இனமாகக் கொண்டனர். வேறு சிலர் பழனிமலைப் பறவையின் கிளையினமாகவே கருதுவர்.

இதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. ஒரு காகக்கூட்டம் அழிந்தால் அடுத்த ஊர்க் காகங்கள் வந்து அவ்விடத்தை நிரப்பும். நீலகிரியில் சோலைக்கிளி அழிந்தாலோ, பழனியிலிருந்து எதுவும் வந்து நிரப்பாது; வந்தாலும் அது வேறு பறவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தேயிலையும் தைலமரமும் சீகைமரமும் அம்மலைகளில் பரவின. பல சோலைகள் மறைந்தன. எஞ்சியவை சிறு துண்டுகளாக நிற்கின்றன. ஒரு துண்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வதும் இப்பறவைக்கு அரிதாகின்றது.

பறவை ஒன்றுக்காக இவ்வளவு கவலை வேண்டுமா என நீங்கள் வினவலாம். மழைநீரை உள்வாங்கி, பவானிக்கும் வைகைக்கும் தாமிரபரணிக்கும் சிறுகச் சிறுக அளிப்பவை அம்மலைகளின் சோலைகளும் புல்வெளிகளுமே. சோலைக்கிளி வாழும் மலையில் நமக்குரிய நீரும் வாழ்கிறது.

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும்போது, காலையில் அனுமதிக்கப்பட்ட பாதையில் சோலையின் ஓரமாகச் சிறிது நேரம் பேசாது நில்லுங்கள். நீலப் பறவை ஒன்று தரையில் தத்திச் செல்லக் காணலாம். காணாவிடினும் அதன் குரலையேனும் கேட்கலாம்.