கரும்பை ஆராய்ந்த பெண்ணும் அவரை வளர்த்த கல்லூரிகளும்

கமக்காரருக்கு நாற்றுமேடையின் அருமை தெரியும். விதை எவ்வளவு நல்லதாயினும், வேர் பிடிக்கும்வரை காவலும் நீரும் வேண்டும். விஞ்ஞானம் படிக்க விரும்பிய பெண்களுக்கு மகளிர் கல்லூரிகள் அத்தகைய நாற்றுமேடைகளாக இருந்தன. இதற்கு நல்ல சான்று, தாவரவியல் அறிஞர் கலாநிதி ஜானகி அம்மாளின் வாழ்க்கை.

இவர் 1897ஆம் ஆண்டு கேரளத்தின் தலைச்சேரியில் பிறந்தவர். பெண் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே திருமணம் பேசுவது அக்கால வழக்கம். இவருடைய சகோதரிகள் அவ்வாறே மணம் முடித்தனர். ஜானகியோ படிப்பையே தெரிவுசெய்தார். ஆனால் விருப்பம் மட்டும் போதுமா? வெளியூரில் தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டுமே.

அந்த இடம் சென்னையில் இருந்தது. 1914இல் அங்கே அரசாங்கம் பெண்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதுவே பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1915இல் பல மிஷன் சபைகள் ஒன்றுகூடிப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியை நிறுவின. ஜானகி இராணி மேரி கல்லூரியில் படித்தார். அந்த அடித்தளத்துடன் மாநிலக் கல்லூரிக்குச் சென்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்? இங்கும் மகளிர் கல்லூரியே கைகொடுத்தது. பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி அவரை ஆசிரியையாக ஏற்றது. பின்னர், ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அங்கும் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தார். 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அந்தப் படிப்பு வயலுக்கும் வந்தது. 1934 முதல் 1939 வரை அவர் கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பணியாற்றினார். இனிப்பு மிகுந்த தடித்த கரும்பை நோய் இலகுவில் தாக்கும். காட்டுக் கரும்பில் இனிப்புக் குறைவு. தாங்கும் சக்தி அதிகம். இரண்டையும் கலந்து நல்ல இனம் பெறும் முயற்சி அங்கே முன்னரே நடந்துவந்தது. பரம்பரை இயல்புகளைக் கொண்டுசெல்லும் நுண்ணிய இழைகளை நிறமூர்த்தங்கள் என்பர். கரும்பினங்களின் நிறமூர்த்தங்களை ஜானகி அம்மாள் நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணி ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்துடனும் கலந்து பார்த்தார். 1945இல், டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்தங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1984இல் அவர் காலமானார்.

திறமை அவருடையது. படிக்க இடமும் முதல் வேலையும் கொடுத்தவை மகளிர் கல்லூரிகள். இவை கிடைக்காமல் திறமையோடு வீட்டில் நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேரோ!

இடம்பெயர்ந்து வாழும்போது, “பெண் பிள்ளைதானே, படித்தது போதும்” என்ற பேச்சு எளிதில் எழும். பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கற்றது கூடவே வரும்.

கூடிப் பேசுவதற்கு:
1. எமது இடத்தில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் யார்? காரணம் என்ன?
2. அவர்கள் பாதுகாப்பாகத் தங்கிப் படிக்க நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?