மணலின் கதை – 9: பாறைப் பிளவைத் தாங்கும் மணல்

நாத்தாண்டியா, மாரவில பக்கத்து வெள்ளை மணல் கண்ணாடியாவதைக் கடந்த வாரம் பார்த்தோம். அதே சிலிக்கா மணலுக்கு அமெரிக்காவில் வேறொரு பெரிய வேலை உண்டு. எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறங்கும் வேலை அது.

ஷேல் எனும் களிப்பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் எரிவாயுவும் அடைபட்டுக் கிடக்கின்றன. கிணறு தோண்டினால் மட்டும் அவை வந்துவிடுவதில்லை. கடும் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். அழுத்தம் குறைந்ததும் சுற்றியுள்ள பாறையின் அழுத்தம் பிளவை மூடிவிடும். அதைத் தடுக்கத்தான் நீரோடு மணலையும் அனுப்புகிறார்கள். நீர் திரும்பினாலும் மணல் பிளவுக்குள் தங்கி அதைத் தாங்கி நிற்கும். மணிகளின் இடைவெளி வழியே எண்ணெய் ஊறி வரும். 1947இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் வாயு வயலில் இம்முறை பரிசோதிக்கப்பட்டு, 1949இல் வணிகத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் சலித்த ஆற்று மணலே போதுமாக இருந்தது. இன்று ஒரு கிணற்றுக்கே ஆயிரக்கணக்கான தொன் தேவைப்படுகிறது.

எல்லா மணலும் இதற்கு உதவாது. உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து ஓயாக்கள் அடித்து வரும் மணலில் வேறு கனிமங்களும் கலந்திருக்கும். மலையை விட்டு அதிக தூரம் வராததால் மணிகளின் முனையும் மழுங்கியிருக்காது. அத்தகைய மணி ஆழத்தின் அழுத்தத்தில் நொறுங்கிப் பொடியாகி வழியை அடைத்துவிடும். விஸ்கொன்சின், மினசோட்டா மாநிலங்களின் மணற்கல், ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்கரைகளில் காற்றும் அலையும் உருட்டி உருட்டித் தேய்த்த மணலால் ஆனது. அது கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். அதைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, தேயிலைத் தொழிற்சாலையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று சலித்துத் தரம் பிரிப்பது போலவே பிரிக்கிறார்கள். அங்குலத்துக்கு 20 கண் உள்ள சல்லடையில் விழுந்து, 40 கண் உள்ளதில் நிற்பது ஒரு தரம்.

உலர்ந்த மணலை லொறியில் ஏற்றி இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு எழுகிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் ஐந்து மாநிலங்களில் 11 கிணற்றுத் தளங்களின் காற்றைச் சோதித்தபோது, 79 சதவீத மாதிரிகளில் அது பரிந்துரைத்த வரம்பை மீறிய தூசு இருந்தது. 2012இல் எச்சரிக்கை வந்தது. 2016இல் அந்நாட்டு அரசு சட்ட வரம்பை இறுக்கியது. பாறையைப் பிளக்கும் முறை வணிகத்துக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான் தொழிலாளியின் மூச்சு கணக்கில் வந்தது.

நம் மலைகளில் எண்ணெய்க் கிணறு இல்லை, குவார்ட்ஸ் இருக்கிறது. கல் குவாரியில் பாறை உடைப்பவரும் கல்லரைக்கும் இயந்திரத்தடியில் நிற்பவரும் சுவாசிப்பது இதே தூசைத்தான். முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. உடைக்கும்போதே நீர் தெளிப்பது, தூசு எழும் இடத்தை மூடுவது, தகுந்த முகக்கவசம் கொடுப்பது, காலத்துக்குக் காலம் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் தெரிந்த வழிகள்தாம். இவற்றைச் செய்து தருவது வேலை வாங்குபவரின் கடமை. தோட்டச் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கும் நம் தொழிற்சங்கங்கள், குவாரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதையும் கேட்டுப் பெறவேண்டும்.

அடுத்த வாரம்: புல்மோட்டையின் கறுப்பு மணல்.

(தொடரும்)